பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா, டேர்போ ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலிருந்தும் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கங்களிலிருந்தும் கார் விருப்பமுள்ள இளைஞர்கள் என்னிடம் கேட்பவற்றுள் பெரும்பகுதி ஒரே கேள்வியின் பல வடிவங்கள்தான். கைக்கு எட்டும் விலையில் வேகமான சிறிய கார் ஒன்று வேண்டும், பின்னர் அதன் வலுவைக் கூட்டும் மாற்றங்களும் செய்ய வேண்டும், எதை வாங்குவது என்பதே அது. பேச்சு இறுதியில் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் இரண்டு தலைமுறைகளில் வந்து நிற்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த இரண்டு கார்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலாவது, 2011 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, இசட்.சி. 32 எஸ் என்ற குறியீடுடைய கார். டேர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, இல்லாத எம் 16 ஏ எஞ்சின் கொண்ட இதை இங்கே ‘பழையது’ என்கிறேன். இரண்டாவது, 2017 இல் வந்த இசட்.சி. 33 எஸ். இதில் டேர்போ பூட்டிய கே 14 சி எஞ்சின் இருக்கிறது. இதை ‘டேர்போ’ என்கிறேன். 2005 இல் வந்த இசட்.சி. 31 எஸ் காரும் நம் நாட்டில் ஓடுகிறது. ஐந்து கியர் பெட்டியும் 125 குதிரைத்திறனும் உள்ள அந்தக் காருக்குப் பழையதைப் பற்றிச் சொல்பவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒரு லீற்றர் டேர்போ எஞ்சினுடன் வந்த ஸ்விஃப்ட் ஆர்.எஸ். காரை ஸ்போர்ட் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அதுவும் நல்ல கார்தான், ஆனால் இந்தப் பேச்சில் அதற்கு இடமில்லை.

எண்களில் வித்தியாசம் எவ்வளவு?

பழையதன் எஞ்சின் 1586 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. நிமிடத்துக்கு 6900 சுழற்சியில் 136 குதிரைத்திறனையும், 4400 சுழற்சியில் 160 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையையும் (சில்லைச் சுழற்றும் விசை) தருகிறது. மனுவல் கியர் காரின் எடை ஏறத்தாழ 1050 கிலோகிராம். டேர்போவின் எஞ்சின் 1371 கன சென்ரிமீற்றர் மட்டுமே. 5500 சுழற்சியில் 140 குதிரைத்திறனும், 2500 முதல் 3500 சுழற்சிக்குள் 230 நியூட்டன் மீற்றரும் தருகிறது. அதன் மனுவல் கார் 970 கிலோகிராம்தான்.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பவர் நான்குதானே வித்தியாசம் என்று நினைத்துவிடுவார். எடையைச் சேர்த்துக் கணக்கிட்டால் பழையதில் ஒரு குதிரைத்திறன் 7.7 கிலோவையும் டேர்போவில் 6.9 கிலோவையும் இழுக்கிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம் முறுக்குவிசையில் இருக்கிறது. 2500 சுழற்சியில் 230 நியூட்டன் மீற்றர் என்றால் அந்த இடத்திலேயே ஏறத்தாழ 82 குதிரைத்திறன் கையில் இருக்கிறது என்று பொருள். பழையது அதே அளவைத் தருவதற்கு எஞ்சினை அதைவிட வெகுதூரம் முறுக்க வேண்டும்.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும்?

கந்தளாயிலிருந்து ஹபரணை நோக்கிப் போகும்போது ஒரு லொறியை முந்த வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேர்போ காரில் கியரைத் தொடாமல் காலை அழுத்தினாலே போதும், கார் பாய்ந்துவிடும். பழையதில் ஆறிலிருந்து நான்குக்கு, சில வேளை மூன்றுக்கு இறக்கி, 4000 சுழற்சிக்கு மேல் எஞ்சினைப் பாட விட்ட பிறகுதான் முந்த முடியும். வேலையாக வாகனம் ஓட்டுபவருக்கு முதலாவது வசதி. ஓட்டுவதற்காகவே ஓட்டுபவருக்கு இரண்டாவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்த எஞ்சின் 7000 சுழற்சியை நெருங்கும்போது எழும் ஒலியும், கால் அசைவுக்கு உடனே வரும் பதிலும் டேர்போவில் இல்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளிவீதிகளில் 70 கிலோமீற்றரும்தான் சட்டப்படியான எல்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாலைக்குப் பிறகு யானைகள் வீதிக்கு வரும். இரண்டு கார்களின் முழு வலுவும் கட்டுக்குருந்தை, பன்னல போன்ற ஓட்டப் பாதைகளுக்கே உரியது. கிழக்கிலிருந்து அங்கே போய்வருவதற்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும்.

வலுவைக் கூட்டுவதற்கு எந்தக் கார் அதிகம் இடம் தருகிறது?

சந்தேகத்துக்கு இடமில்லாமல் டேர்போதான். டேர்போ எஞ்சினில் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றைத் தள்ளுவது என்பதை எஞ்சின் கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணினியின் பதிவை மாற்றி, காற்றழுத்தத்தைச் சிறிது கூட்டி, தீப்பொறி நேரத்தையும் பெற்றோலின் அளவையும் அதற்கேற்பச் சரிசெய்தால், வேறு பாகம் எதையும் மாற்றாமலே 20 முதல் 30 குதிரைத்திறன் வரை கூடுதலாகப் பெறலாம்.

பழையதில் காற்றைத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. காற்று உள்ளே வரும் வழியை அகலப்படுத்தலாம், எரிந்த புகை வெளியேறும் ஹெடர் குழாயையும் சைலன்சரையும் மாற்றலாம், கணினியைத் திருத்தலாம். இத்தனையும் சரியாகச் செய்து முடித்தாலும் பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் கூடினால் அதிர்ஷ்டம். அதுவும் பெரும்பாலும் 5000 சுழற்சிக்கு மேலேதான் தெரியும். சுசுகி பொறியியலாளர்கள் அந்த எஞ்சினிலிருந்து பிழியக்கூடியதை ஏற்கெனவே பிழிந்துவிட்டார்கள். பழைய காருக்கு வலு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது பெரிய எண்ணைச் சொன்னால், எஞ்சின் வலுவை அளக்கும் டைனோ இயந்திரத்தில் அளந்த தாள் எங்கே என்று கேளுங்கள்.

டேர்போவுக்கும் எல்லை உண்டு. முறுக்குவிசை ஏற ஏற முதலில் கையை விரிப்பது கிளச். அடுத்து, முன் சில்லுகள் இரண்டும் அந்த விசையைத் தரையில் இறக்க முடியாமல் வளைவுகளில் சுழலத் தொடங்கும். உள் சில்லு வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் எல்.எஸ்.டி. இல்லாமல் மேலும் வலு ஏற்றுவதில் பயனில்லை. அதற்கும் மேலே போக நினைப்பவர் பெரிய டேர்போ, பிஸ்டன், பிஸ்டனை எஞ்சின் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ரொட் என்று எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். காரின் விலையில் கணிசமான பங்கை அதற்கே கொடுக்க வேண்டிவரும் என்பதால் நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் பழையதற்கு ஒரு டேர்போ பூட்டிவிடலாமே?

பூட்டலாம், பூட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பழையதன் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 11.0. டேர்போவுக்கென்று வடிவமைத்த கே 14 சி எஞ்சினிலோ அது 9.9 ஆக இருக்கிறது. உயர்ந்த அமுக்கமுள்ள சிலிண்டருக்குள் மேலும் காற்றைத் திணித்தால், பெற்றோல் நேரம் தவறித் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை அடிக்கும். இதைத்தான் தட்டல் என்கிறோம். அதைத் தவிர்க்க வேறு பிஸ்டன், பெரிய இன்ஜெக்டர், புதிய கணினி, அதையெல்லாம் தாங்கும் கிளச் என்று செலவு நீளும். அந்தப் பணத்துடன் பழையதை விற்ற பணத்தையும் சேர்த்தால் டேர்போ காரை வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

92 ஒக்டேன் போதுமா? 95 அடிக்க வேண்டுமா?

பெற்றோல் தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண்ணே ஒக்டேன். இரண்டு காருக்கும் ஜப்பானில் உயர் ஒக்டேன் பெற்றோலே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஜப்பானியத் தரவிதியின்படி உயர் ஒக்டேன் என்றால் குறைந்தது 96. நமக்குப் பொதுவாகக் கிடைப்பவை 92 உம் 95 உம். ஆகவே 95 அடித்தாலும் உற்பத்தியாளர் எதிர்பார்த்த எல்லைக்குக் கீழேதான் நிற்கிறோம். சீனன்குடாவில் அவ்வளவு பெரிய எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு நாம் ஒக்டேனுக்கு ஏங்குகிறோம் என்று நண்பர்கள் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு.

92 ஊற்றினால் எஞ்சின் உடனே உடைந்துவிடாது. தட்டலைக் கண்டறியும் உணரி ஒன்று இருப்பதால், கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். அதற்கு விலையாக வலு குறையும். ஆனால் கணினியைத் திருத்திய டேர்போ காருக்கு 92 ஊற்றுவது வேறு விடயம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். திருத்துபவரிடம் 95 ஒக்டேனுக்காகவே பதிவை எழுதும்படி கேளுங்கள். ஜப்பானிலோ வேறு நாட்டிலோ 98 அல்லது 100 ஒக்டேனுக்கு எழுதிய ஆயத்தப் பதிவை அப்படியே ஏற்றுவது ஆபத்தானது.

எங்கள் வெயில் டேர்போ எஞ்சினைப் பாதிக்குமா?

இரண்டையும் பாதிக்கும், டேர்போவைக் கூடுதலாகப் பாதிக்கும். 15 பாகை செல்சியஸில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் 34 பாகைக் காற்றில் அடர்த்தி ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு ஓட்டிப் பார்த்து, நேற்றிரவு இருந்த இழுவை இல்லையே என்று குறைப்படுபவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். டேர்போ காற்றை அமுக்கும்போது அது மேலும் சூடாகிறது. அதைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் நெரிசலில் நின்று நின்று ஓடும்போது தானே சூடாகிவிடுகிறது.

ஆகவே நம் ஊரில் டேர்போ காருக்குச் செய்யும் முதல் எஞ்சின் வேலை பெரிய இன்ரர்கூலராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கணினித் திருத்தம் அதற்குப் பிறகு. உப்பும் மணலும் இன்ரர்கூலர், ரேடியேற்றர் தகடுகளுக்குள் படிந்து காற்றை மறிப்பதால், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவான அழுத்தத்தில் விட்டுக் கழுவுங்கள். வேகமாக ஓடி வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓட விடுவதும் டேர்போவின் ஆயுளைக் கூட்டும்.

டேர்போ எஞ்சினுக்கே உரிய வேறு தொல்லைகள் உண்டா?

இரண்டு உண்டு. கே 14 சி எஞ்சினில் பெற்றோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. பழையதில் உள்வால்வின் மேல் பெற்றோல் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். இதில் அந்தக் கழுவல் இல்லை. ஒயில் ஆவி அந்த வால்வுகளில் படிந்து காலப்போக்கில் காபனாக இறுகும். அதிக தூரம் ஓடிய காரை வாங்குபவர் அதைச் சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மற்றது, குறைந்த சுழற்சியில், உயர்ந்த கியரில், காலை முழுதாக அழுத்தும்போது நேரப்பிசகாக நிகழும் தீப்பற்றல். நேரடிப் பீச்சல் டேர்போ எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்தக் கோளாறு ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. இதைக் கருதியே ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெற்றோலிய அமைப்பு எஸ்.என். பிளஸ், பின்னர் எஸ்.பி. என்ற ஒயில் தரங்களைக் கொண்டுவந்தது. ஒயில் போத்தலில் அந்தத் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். 1500 சுழற்சியில் ஆறாம் கியரில் நின்றுகொண்டு காலை மிதிக்காதீர்கள்.

ஓட்டோ கியர் வாங்கலாமா?

டேர்போவில் ஆறு படி ஓட்டோ கியர் வருகிறது. அளவான திருத்தத்துக்கு அது போதும். பழையதில் வருவது படிப்படியான கியர்கள் இல்லாத சி.வி.ரி. வீட்டுப் பாவனைக்கு அதில் குறையில்லை. மாற்றங்கள் செய்து வேகமாக ஓட்ட நினைப்பவர் அதை வாங்க வேண்டாம்.

வாங்கியவுடன் எதை மாற்ற வேண்டும்?

ரயரும் பிரேக்கும். கேட்பவர்கள் முகம் சுருங்கும் பதில் இது என்று எனக்குத் தெரியும். அவர்கள் எதிர்பார்ப்பது சைலன்சர். ஆனால் நான்கு ஆண்டு வெயிலில் காய்ந்து இறுகிய ரயரோடு ஓடும் காருக்கு எவ்வளவு வலு ஏற்றினாலும், மழைநாளில் கன்னியாப் பக்கத்து வளைவொன்றில் அது உங்களைக் கைவிடும். நல்ல ரயர் நான்கு, தரமான பிரேக் பாட், புதிய பிரேக் எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் மாற்றம் வேறெந்தப் பாகத்திலும் அந்த விலைக்குக் கிடைக்காது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கூடினால் கொதிநிலை இறங்கி, தொடர்ந்து அழுத்தும்போது மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். கடலோரத்தில் இருக்கும் நாம் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும்.

கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்து நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய காருக்கு, குளிர்ந்த காற்றை இழுக்கட்டும் என்று வடிகட்டியை பம்பருக்குள் தாழ்வாக இறக்கும் குழாய் ஒன்றை ஆசையோடு பூட்டினேன். அந்த மாரியில் தம்பலகாமத்துப் பக்கம் வீதியில் ஓடிய வெள்ளத்தை முழங்காலளவுகூட இல்லையே என்று நினைத்து இறங்கினேன். வடிகட்டி தண்ணீரை உறிஞ்சி எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றது. மீண்டும் சாவியைத் திருப்பாமல் இழுத்துக்கொண்டு போனதால் கனெக்டிங் ரொட் வளையாமல் தப்பியது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஊரில் அந்தக் குழாய் வேண்டாம். தொழிற்சாலையில் வந்த பெட்டிக்குள்ளேயே நல்ல வடிகட்டி ஒன்றைப் போடுங்கள்.

காரைத் தாழ்த்தலாமா? பெரிய சில்லு போடலாமா?

இரண்டு செ.மீ. அளவு தாழ்த்தினால் போதும். அதற்கும் கீழே போனால் ஒழுங்கைகளிலுள்ள வேகத்தடைகளே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிவிடும்.

இரண்டு காரிலும் 195/45 அளவுள்ள 17 அங்குல ரயர் வருகிறது. இதன் பக்கச்சுவர் மெல்லியது என்பதால் குழியில் விழுந்தால் அலோய் சில்லு வளையும். 195/50 அளவுள்ள 16 அங்குல ரயருக்கு இறங்கினால் மொத்த விட்டம் ஒரு சதவீதம்தான் குறையும். சில்லு இலேசாகும், ரயர் விலையும் குறையும். 18 அங்குலம் படத்துக்கு அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதில் நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாதாரண ஸ்விஃப்ட்டின் சில்லு நான்கு நட்டு உடையது, ஸ்போர்ட்டில் 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து நட்டுகள். பாவித்த சில்லு வாங்கப் போகும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பாவித்த காரை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கறளைப் பாருங்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலைப் பார்த்தபடி நிறுத்திவைத்த கார் வெளியே பளபளக்கும். அடியில் வேறு கதை இருக்கும். காரை உயர்த்தி, பின் அச்சுக் குறுக்குச்சட்டம், முன் சப்-பிரேம், ஷொக் அப்சோபர் தலை பொருந்தும் இடம், பிரேக் குழாய் மூட்டுகள், தரைத்தகட்டின் ஓரங்கள் ஆகியவற்றை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் வீதிக்கு உப்புத் தூவுவதால் அங்கிருந்து வந்த கார்களிலும் இதே நோய் உண்டு. ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையை எழுதித் தரும் ஏலத்தாள் இருந்தால் வாங்கிப் படியுங்கள். அதில் எஸ் என்ற எழுத்து கறளையும் சி என்பது அரிப்பையும் குறிக்கும்; தரம் எழுதும் இடத்தில் ஆர் என்று இருந்தால் விபத்துக்குப் பின் திருத்திய கார் என்று பொருள்.

டேர்போ காரில், முன்பு கணினித் திருத்தம் செய்து, விற்பதற்காக மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்களா என்பதையும் சோதியுங்கள். நான்காம் கியரில் 2500 சுழற்சியிலிருந்து முழுதாக அழுத்தும்போது சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. அந்தக் கார் ஏற்கெனவே நிறைய அனுபவித்திருக்கிறது.

இனிமேல் இறக்குமதி செய்ய முடியாதா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டாலும், வயது வரம்பு இருப்பதால் பழையது அதற்குள் வராது. உள்நாட்டில் கைமாறுபவற்றுள்தான் அதைத் தேட வேண்டும்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சேவைப் பாகங்களுக்குத் திருகோணமலையிலேயே குறைவில்லை. எஞ்சின் சார்ந்தவற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். எம் 16 ஏ எஞ்சின் எஸ்.எக்ஸ். 4, 1.6 லீற்றர் கிராண்ட் விற்றாரா ஆகியவற்றிலும் வந்ததால் பழையதற்குப் பாவித்த பாகங்கள் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன. கே 14 சி எஞ்சினும் விற்றாராவின் டேர்போ வகையில் இருக்கிறது. ஆனாலும் உயர் அழுத்தப் பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர், டேர்போ ஆகியவற்றின் விலை கேட்டால் தலை சுற்றும்.

சட்டச் சிக்கல் வருமா?

எஞ்சினையே மாற்றினால் வரும். எஞ்சின் இலக்கமும் நிறமும் பதிவுச் சான்றிதழில் இருப்பதால், அவற்றை மாற்றுபவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை தேவை. புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கழற்றியவர் அந்த வாரத்தில் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். 2025 தொடக்கத்தில் மேலதிகப் பாகங்கள் பூட்டிய வாகனங்களைப் பொலிசார் நாடு முழுவதும் சோதித்தபோது, சத்தமிடும் சைலன்சர்களும் அகப்பட்டன. செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.

நீங்கள் எதைத் தெரிவு செய்வீர்கள்?

வலுவைக் கூட்டுவதே நோக்கம், 95 ஒக்டேனுக்கும் நல்ல ஒயிலுக்கும் தொடர்ந்து செலவழிக்க முடியும், திருத்துவதற்குக் கொழும்புப் பக்கம் போய்வரவும் மனமுண்டு என்றால் டேர்போவை வாங்குங்கள். பழையதை வாங்கி அதில் டேர்போவின் வேகத்தைத் தேடுபவர் பணத்தையும் இழந்து நல்ல காரையும் கெடுப்பார்.

நான் வைத்திருப்பது பழையது, ஆறு கியர் மனுவல். வலுவுக்காக அதில் இனி எதுவும் செய்யும் எண்ணமில்லை. ரயர், பிரேக், ஷொக் அப்சோபர் மூன்றையும் மாற்றினேன். விடியற்காலையில் குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரை போய்வரும்போது, சட்ட எல்லைக்குள்ளேயே இரண்டாம் கியரில் எஞ்சினை 4000 சுழற்சிக்கு மேல் பாட விட முடிகிறது. டேர்போவில் அப்படி முறுக்கும் அவசியமே வருவதில்லை.

கழற்றிய அசல் பாகங்களை விற்றுவிடலாமா?

வேண்டாம். காரை விற்கும் நாளில் அசல் சைலன்சரும் ஸ்பிரிங்கும் கேட்கும் வாங்குநர்களே அதிகம். புகைப் பரிசோதனைக்கும் அவை தேவைப்படலாம். ஒயில் பூசி, பிளாஸ்ரிக் உறையில் சுற்றி, நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள். கடலைப் பார்த்த பக்கத்து அறையில் மட்டும் வேண்டாம்.